துடைப்பக் கட்டையும் மேல்வீட்டு ஐவோனும்

ஹாமில்டன்
பிப்ரவரி 9

அன்புள்ள ஹலினா அக்காவுக்கு,

போனில் உனக்குக் காது சரியாகக் கேட்காததால் எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் திரும்பிவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன் என் புலம்பலைக் கேள்.

மேல்வீட்டுக்கு ஐவோன் என்று ஒருத்தி குடிவந்திருக்கிறாள். இரட்டைப் பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துக் காலையில் வந்து கண்ணை மூடினால், தலைக்கு மேல் குதிரைப் பந்தயம். வீட்டுக்காரர் ஹார்கிரேவிடம் சொன்னால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். பொறுமை போய், துடைப்பக் கட்டையால் தலைக்கு மேல் கூரையில் இடித்துச் சத்தம் போட ஆரம்பித்தேன்.

கடைசியில் நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது! நான்தான் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாம். ஏழு நாளில் நிறுத்தாவிட்டால் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுவாராம். நானாகவே போகிறேன் என்று கையெழுத்துப் போட இன்னொரு தாளும் கொடுத்தார். "எதுக்கும்மா இந்த வயசுல சண்டை? போட்டுட்டு நிம்மதியா போங்க" என்கிறார். இத்தனை வருஷம் வாழ்ந்த வீடு, அக்கா. இதை விட்டால் இன்றைய வாடகைக்கு இந்த ஊரில் எனக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. என்ன செய்யட்டும்?

உன் டானுத்தா

சட்பரி
பிப்ரவரி 17

என் செல்ல டானுத்தா,

துடைப்பத்தை எடுத்தாயா நீ? கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள்! சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது.

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வா. உன் அத்தான் காசிமிர் காலமான பிறகு இந்த வீட்டில் நான் பனியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஏரிப் பக்கத்து அறையை உனக்காக ஒழித்துவிட்டேன். வழக்கு, வாய்தா எல்லாம் உனக்குச் சரிப்படாது, கண்ணே.

வழி பார்த்திருக்கும்,
ஹலினா

ஹாமில்டன்
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் சொன்னாள்: "முதல்ல துடைப்பத்தைக் கீழ வைங்க. ஏழு நாள் இடிக்காம இருந்தா இந்த நோட்டீஸ் செல்லாது. கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. கோவத்துல வாடகையையும் நிறுத்திடாதீங்க, அதுக்குத்தான் அவரு காத்திருப்பாரு. உங்களை நிம்மதியா குடியிருக்க விடவேண்டியது அவரோட பொறுப்பு. என்னைக்கு என்ன சத்தம்னு தேதி போட்டு அவருக்கே எழுதுங்க. அசையலேன்னா வாடகைத் தீர்ப்பாயம் இருக்கு."

அவள் சொன்னபடியே துடைப்பத்தை வைத்துவிட்டு அவருக்கு எழுதினேன்; அவர் அசையவில்லை. மனு போட்டேன்.

ஒரு நாள் துணி துவைக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறைக்குப் போனால் அங்கே ஐவோன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நேராக வந்து, "என்னைத் துரத்தச் சொன்னது நீங்கதானே? உங்களாலதான் கையெழுத்துப் போடச் சொல்றாரு" என்றாள்.

"உங்களையுமா?" என்றேன். "அது சரி, மேல கார்ப்பெட் இருந்துச்சே?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டாரு. வெறும் பலகைங்க. பிள்ளைங்க நடந்தாலே இடி இடிக்கும்."

குடியிருப்பவர்களுக்கு வாடகையை இஷ்டப்படி ஏற்றச் சட்டம் விடாது; அதனால் எங்கள் இருவரையும் மோதவிட்டு, காலி செய்யவைத்து, இரண்டு வீட்டையும் கூடுதல் வாடகைக்கு விடப் பார்த்திருக்கிறார் மனுஷர்!

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. என் சமையலறையில், என் சாட்சியாக, ஐவோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "என் பிள்ளைங்க ஓடுதுங்க, நிஜம்தான். இவங்களால தூங்க முடியாதுதான்" என்று அவளே சொன்னாள். சட்டென்று ஹார்கிரேவ், "அப்ப மேல்வீட்டைக் காலி பண்ண வெச்சுடறேன், பிரச்சினை தீர்ந்துடும்" என்றார். நான் குறுக்கிட்டுச் சொல்லிவிட்டேன்: "அவங்க போக வேணாம். தரையை மூடச் சொல்லுங்க. நான் தூங்கணும், அவ்வளவுதான்."

ஹார்கிரேவ் தரையை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தடிமனாகக் கார்ப்பெட்டும் போட்டாயிற்று. நேற்று மத்தியானம் வரை தூங்கினேன், அக்கா!

உன் டானுத்தா

சட்பரி
ஜூன் 12

என் டானுத்தா,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். "இவ என் தங்கச்சியாக்கும்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஐவோனுக்கு என் அன்பைச் சொல். தன் தலையில் விடியும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அவளைக் கைவிடாத உன்னை என்ன சொல்லிப் பாராட்ட? உன் இடத்தில் நான் இருந்தால் வீட்டுக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எழுதாத மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். நீ ஜெயிக்க வேண்டும் என்று இல்லையடி. தோற்றுப்போய் என்னிடம் வந்துவிட வேண்டும் என்று.

கடவுள் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதுகொள்கிறேன்.

உன் அக்கா
ஹலினா