தோள்பட்டைக்கு வந்த பதில்

மார்ச் 3
மூன்று கட்டடம், ஐந்து லிஃப்ட் சர்வீஸ். வலது கை தலைக்கு மேல் எழும்பவில்லை; இடது கையாலேயே ஸ்க்ரூ திருகினேன். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்த வேலையை மறந்துவிடு என்கிறார் டாக்டர். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, எனக்கென்ன கவலை? விண்ணப்பித்து இரண்டு வாரமாகிறது.

மார்ச் 9
மறுத்துவிட்டார்கள். 'நான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்ற மனநலச் சிகிச்சையை மறைத்ததால்.' கடிதத்தைப் பிரித்தது மனைவி.

அண்ணன் இறந்த வருடம் ஏழு மாதம் தூக்கமில்லை. மனநல டாக்டரிடம் போய்வந்தேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. "கண்டவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது" என்றாள். அதோடு சரி.

மார்ச் 10
நான் என்னத்த மறைச்சேன்? ஃபாரத்துல கேட்டதே கடைசி ரெண்டு வருஷத்துக் கதைதான். தூக்கத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? அதை விடு — அவங்களுக்கு யார் சொன்னது?

மார்ச் 12
இரண்டு சிகிச்சையும் ஒரே ஆஸ்பத்திரிதான். ரெக்கார்டு பிரிவுக்குப் போய், என் கோப்பின் நகலும் அதை யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்ற பட்டியலும் கேட்டேன். "அதெல்லாம் குடுக்கிறதில்ல சார்" என்றார் குமாஸ்தா. நோயாளி கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று அவர் தலைக்குப் பின்னால் சுவரில் சட்டம் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவையாகப் படித்தார், பாவம்.

மார்ச் 19
வந்துவிட்டது. கோப்பு முழுவதும் இன்சூரன்சுக்குப் போயிருக்கிறது. என் கையெழுத்தோடு!

மாதக் கடைசியில் சர்வீஸ் கார்டுகளைக் கட்டாக வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவது எங்கள் வழக்கம். என் ஆஸ்பத்திரி ஆவணங்களை இன்சூரன்சுக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதிச் சீட்டையும் ஆபீசில் அந்தக் கட்டுக்குள் சொருகியிருக்கிறார்கள். ஒரு நட்டைக்கூட இரண்டு தடவை முடுக்கிப் பார்க்கிறவன், காகிதத்தைப் பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது படித்தேன், வரிக்கு வரி. 'வலது தோள் தொடர்பான ஆவணங்கள் மட்டும்' என்றுதான் இருக்கிறது. வசமாக மாட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 20
மேல்முறையீடு எழுதினேன். மனைவி வாங்கிப் படித்தாள். பத்து நாளில் இன்றுதான் முகம் பார்த்துப் பேசினாள்.
"தயவுகூர்ந்துன்னு நாலு இடத்துல இருக்கு. கேக்கறீங்களா, கெஞ்சறீங்களா?"
நாலையும் அடித்தேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கும் புகார் போயிற்று.

மார்ச் 27
பதில் இல்லை. சட்டை மாட்டிவிட்டது அவள்தான்.

ஏப்ரல் 2
இன்சூரன்சிலிருந்து ஒரு பெண் பேசினார். ஒரே தேன். "புகாரை வாபஸ் வாங்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்."
"நீங்க முடிங்கம்மா. வாபஸைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

ஏப்ரல் 9
ஆபரேஷனுக்கு முழு அனுமதி. மனநலத் தாள்களை நீக்கிவிட்டதாக எழுத்திலும் வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 15
காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நாலு பக்க ஃபாரம். எனக்குக் கை வலித்ததால் மனைவி நிரப்பினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்: உங்கள் மருத்துவ விவரங்களை யாரிடம் சொல்லலாம்?

"கம்பெனிக்குக் கூடாதுன்னு போடு. மனைவின்னு எழுதி உன் பேரைப் போடு."

"எந்தெந்த விவரம்னு கேட்டிருக்கே. தோள் மட்டுமா?"

"எல்லாம்னு போடு" என்றேன். அவள் மெதுவாக எழுதிவிட்டு, கையெழுத்துக்குப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.