பட்டைச் சுருளும் சிவப்பு அடிக்கோடும்

மார்ச் 4

காலை 5.40. மேல்வீட்டில் பாட்டு இல்லை. இன்றோடு பன்னிரண்டு நாள்.

நான் கேட்டது இதைத்தானே? ‘மூன்றாம் மாடியில் தினமும் காலை 5.40 மணிக்கு உரத்த குரலில் பாடப்படுவதால் தூக்கம் கெடுகிறது’ என்று பெயர் போடாமல் எழுதி, நேரத்தின் கீழ் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, குடியிருப்போர் சங்கத்தின் புகார்ப் பெட்டியில் போட்டேன். செயலாளர் படித்துவிட்டு ஜாடையாகச் சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் அதை அப்படியே லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்துவிட்டார்.

இப்போது 5.40க்கு நானாகவே விழித்துக்கொள்கிறேன். மனைவி போன பிறகு இந்த வீட்டில் காலையில் கேட்ட ஒரே மனிதக் குரல் அது. இது முன்பே உறைத்திருக்க வேண்டாமா?

மார்ச் 6

மேல்வீட்டம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். கட்டடமே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். இன்று லிஃப்டுக்குக் காத்திருக்கையில் மாட்டிக்கொண்டேன்.

“போர்டுல யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்காரே, பாத்தீங்களா சார்?”

“இல்லையே.”

பலகை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பொய்.

லிஃப்டில் யாரோ வாங்கிவந்த பேக்கரிப் பொட்டலத்தின் வாசனை. சிஸ்டர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் டியூட்டி முடிந்ததும் சுடச்சுட ஒரு சின்னமன் ரோல் சாப்பிடுவாராம், மேலே வெள்ளையாக இனிப்பு வழிய. அந்த மாதிரி இப்போது எங்கே கிடைக்கிறது என்று லிஃப்டின் சுவரிடம் கேட்டார்.

நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. மாவு பேசட்டும்.

மார்ச் 8

மகள் இரண்டு வருடம் முன்பு அனுப்பிய ஓவனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இதுவரை அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கியிருந்தேன். செய்முறை கேட்டுப் போன் செய்தால், “நீங்களா?” என்று மூன்று தடவை கேட்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9

ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. உயிருள்ளது என்றால் கிருமிதானே என்று பயந்து, பாலைத் தளதளவென்று கொதிக்கவைத்து அதன் தலையில் ஊற்றினேன். மாவு எழும்புவதை அளக்கப் பாத்திரத்தில் அளவு குறித்த காகிதப் பட்டை ஒட்டி, கால் மணிக்கு ஒரு தடவை குறித்தேன். இரண்டு மணி நேரத்தில் எட்டுப் பூஜ்யங்கள்.

“அப்பா, அத நீங்க கொன்னுட்டீங்க. வெதுவெதுப்புன்னா, கொழந்தைய குளிப்பாட்டுற சூடு.”

உன்னைக் குளிப்பாட்டினது உங்கம்மா என்றேன். அப்படியானால் விரலை விட்டுப் பாருங்கள் என்றாள்.

மார்ச் 11

எழும்பியது! 40 மில்லிமீட்டர், 83 ஆயிற்று. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பால்காரரிடம் காட்டினேன். “நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு ஒரு படி இறங்கி நின்றுகொண்டார்.

வரைபட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோடு போட்டவனுக்கு மாவைச் செவ்வகமாகத் தேய்ப்பதா கஷ்டம்? 45க்கு 30. மூலைகள் தொண்ணூறு டிகிரி. வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பட்டைத்தூள் தூவிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். ஆனால் கத்தி பட்டதும் எல்லாம் நசுங்கிவிட்டது. நூலை அடியில் விட்டு, மேலே குறுக்கே மாற்றி இழுக்க வேண்டுமாம். மகள் முன்பே சொல்லக்கூடாதா?

ஐசிங் சர்க்கரையைப் பாலில் குழைத்த பூச்சை ஓவன் சூட்டிலேயே ஊற்றினேன். அத்தனையும் அடியில் போய் ஒளிந்துகொண்டது. என்னைப் போலவே.

மார்ச் 12

வீடெல்லாம் பட்டை வாசனை. இந்த நோட்டில்கூட.

மார்ச் 14

வெற்றி. சட்டைப் பொத்தான் தைக்கும் நூலால் பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் சென்டிமீட்டர். சூடு கை பொறுக்கும் வரை காத்திருந்து பூச்சை ஊற்றினேன். நின்றது, வழிந்தது, மறுபடி நின்றது. நான்கை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, சிஸ்டர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்து, இந்த முழங்கால்களால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் படியிறங்கினேன். யார் கொடுத்தது என்று தெரிய வழியே இல்லை. டப்பாவில் பெயர் இல்லை. மூடியில் ஒரு சீட்டு மட்டும்: ‘இரண்டு நாட்களுக்குள் உண்ணவும்’. ‘இரண்டு நாட்களுக்குள்’ என்பதன் கீழ் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், இரண்டு —

ஐயோ.

மார்ச் 15

பகல் முழுவதும் கதவைத் திறக்கவில்லை. பால் பாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை. அடையாளம் தெரிந்த பிறகும் ஒளிந்திருப்பது என்ன பிழைப்பு? சாயங்காலம் ஐந்து மணிக்குப் படியேறினேன். சொல்லவேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கதவு திறந்ததும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று தெரிந்தது.

“அது நான்தான் சிஸ்டர்.”

“ரோலா, லெட்டரா?”

“ரெண்டும்.”

“லெட்டர் நீங்கன்னு அன்னிக்கே தெரியும் சார். லிஃப்ட்ல ‘கதவை மெதுவாக மூடவும்’னு எழுதி ஒட்டினது யாரு? அதுலயும் ரெண்டு செவப்புக் கோடு. கட்டடத்துக்கே தெரியும். நீங்க கூச்சப்படுவீங்கன்னு யாரும் சொல்லல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். சோறே இல்லை போலிருக்கிறது.

பிறகு ஏன் பாட்டை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான். இப்ப சொல்லுங்க. பாடவா, வேணாமா?”

பாடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆயுசு முழுக்க அப்படித்தானே திரும்பியிருக்கிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“பாடுங்க. நீங்க பாடாம எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. ஆனா... ஒரு பத்து நிமிஷம் தள்ளிப் பாடினா நல்லாருக்கும்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. யோசித்தார். ஆகட்டும் என்றார்.

மார்ச் 16

இன்று பாட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் தூங்குவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் 5.50 வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 17

காலை 5.50. தொடங்கிவிட்டார். சுருதி சேரவில்லை. மூன்றாவது அடியில் வழக்கம்போல் வரி மறந்து ‘ம்ம்ம்’ போட்டார். கழுத்துவரை போர்த்திக்கொண்டு முழுதும் கேட்டேன்.

கதவைத் திறந்தால் டப்பா வாசலில் இருக்கிறது, கழுவித் துடைத்து. உள்ளே மடித்த காகிதம். என் புகார்க் கடிதமேதான், நான்கு மூலையிலும் குண்டூசி ஓட்டை. பின்பக்கம் மருந்துச் சீட்டுபோல் எழுதியிருந்தது:

‘வாரம் ஒரு முறை. நான்கு. இனிப்புப் பூச்சு இன்னும் கொஞ்சம் தாராளமாக. நேரில் கொண்டுவந்து தரவும்.’

‘நேரில்’ என்பதன் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு. ஸ்கேல் இல்லாமல் போட்டது. கொஞ்சம் கோணல்.

ஈஸ்ட் வாங்க வேண்டும்.