மாலையோடு கோர்ட்டுக்கு

தை 8, செவ்வாய்

நாளை மறுநாள் கோர்ட். கொடைரோடு பக்கம் என் வேன் அதிவேகமாகப் போனதாகக் கேமரா படத்தோடு வழக்கு. ஓட்டியது நான் இல்லை, மச்சான். மல்லிகை விலை இறங்குவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டைப் பிடிக்க ஓடியிருக்கிறான்.

அவனுக்குப் போலீஸ் வேலை கூடிவரும் நேரம். வழக்கில் அவன் பெயர் வந்தால் அது போய்விடுமோ என்று என் மனைவிக்குப் பயம்.

"தம்பி பேரு வேணாம். நீங்கதான் ஓட்டுனதா சொல்லிருங்க சாமி," என்கிறாள். பழனிக்கு நடக்க மாலை போட்டதிலிருந்து அவளுக்கும் நான் சாமிதான். மாலை போட்டால் பொய் சொல்லக் கூடாது என்று முதல் நாளே எச்சரித்தவளும் அவள்தான்.

ஓட்டியது யார் என்று நீதிபதி கேட்பாராம், வக்கீல் சொல்கிறார். என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால்?

"அப்ப மாலையக் கழட்டி வச்சுட்டுப் போகவா?" என்றேன்.

பதறிவிட்டாள். "ஐயையோ, சாமி குத்தமாயிரும்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் கேட்டேன், "பொய் சொன்னா குத்தம் ஆகாதா?"

"லைட்ட அமத்துங்க சாமி," என்கிறாள்.