ஆளில்லாத அறையில் பதினாறு பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு பஸ்ஸில் திரும்பி வருகிறார், கேட்டால் போகும்போது நடந்தேனே என்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தேன், சிரித்தால் அப்படியே உன் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு நேரம் பேசியதற்கு நான் ம் என்று மட்டும் சொன்னது உனக்குக் கோபமாக இருந்திருக்கும். பக்கத்தில் அப்பா, அடுத்த அறையில் தம்பி, நான் என்னத்தைப் பேசுவது. அம்மா, அவன் வேலையும் போயிடும், நீயும் மாட்டிக்குவ, குழப்பத்துல எழுதிட்டேன்னு ஒரு கடிதம் குடுத்தா முடிஞ்சிடுமே, ஏன் இப்படி வீம்பு பிடிக்கிற என்று கேட்டாய். தம்பி உன்னிடம் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி அன்றைக்கு அவனுக்கே தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கம்பெனியில் நான் பார்க்கும் டீசல் ஸ்டோரைப் பற்றி நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது. பின்பக்கம் கொதிகலனுக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் வைக்கிற இரண்டு பெரிய தொட்டிகள். காலையில் போனதும் அளவுக்கோலை உள்ளே விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும், லாரி வந்தால் பக்கத்தில் நின்று இறக்கவேண்டும், பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. ஆட்கள் வேலை செய்கிற இடம் தொட்டியிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், எண்ணெய் கசிந்தால் வெளியே ஓடாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் வேண்டும் என்பது சட்டம். எங்கள் தொட்டிகள் அந்தச் சட்டத்துக்கு மூத்தவை. மூன்று பக்கம்தான் சுவர், நாலாவது பக்கத்துக்கு ஒட்டியிருக்கும் அறையின் சுவரையே வைத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த அறையில் பழைய அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன, ஆள் கிடையாது, அதனால் சட்டத்திலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். பக்கத்து அறையில் ஆட்கள் யாரும் வேலை செய்வதில்லை என்று ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. டைப் அடிக்கிற பெண் பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கொண்டுவருவாள், நான் கீழே போடுவேன். இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். முதல் இரண்டு முறை அது உண்மை. நாலு வருஷத்துக்கு முன்னால் இடம் போதவில்லை என்று அட்டைப்பெட்டிகளை வெளியே தள்ளிவிட்டு சோப்புத்தூள் பேக்கிங்கை அந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பதினாறு பேர். அதில் ஒருவன் உன் தம்பி.

போன மாதம் லாரியிலிருந்து இறக்கும்போது குழாய் கழன்று டீசல் கொட்டியது. நான்தான் ஓடிப்போய் வால்வை மூடினேன், அதற்குள் இருநூறு லிட்டராவது போயிருக்கும். மூன்று பக்கச் சுவர் அதைப் பிடித்து நிறுத்தியது. நாலாவது பக்கத்தில் டீசல் பேக்கிங் அறையின் கதவுக்கு அடியில் உள்ளே போனது. உள்ளே பை வாயைச் சூட்டில் ஒட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் தம்பிதான் முதலில் பார்த்து டீசலிலேயே நடந்துபோய் ஸ்விட்சை அணைத்திருக்கிறான், பிறகு எல்லாரையும் முன்கதவு வழியாக வெளியே அனுப்பியிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. மரத்தூளைக் கொட்டி அள்ளினோம், சாயங்காலம் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் கேன்வாஸ் ஷூவை எங்கள் கம்பெனித் தூளைப் போட்டே மூன்று முறை துவைத்தேன், வாடை போகவில்லை. விளம்பரத்தில் என்ன சொன்னாலும் நீ நம்பிவிடாதே.

அடுத்த வாரமே விலக்கைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. டைப் அடிக்கிற பெண் பிரசவ லீவில் இருந்ததால் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கையாலேயே எழுதினேன். படிக்காமல் போடுகிற கையெழுத்து வேறு, எழுதிப் போடுகிற கையெழுத்து வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்கள் யாரும் வேலை செய்வதில்லை என்கிற வரிக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. பேனாவை வைத்துவிட்டுப் பழைய தாளின் தேதியைப் பார்த்தேன். தம்பி வேலைக்குச் சேர்ந்த வாரம். அவன் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டை அன்றைக்கு மதியம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், முதல் வாரமே அம்மா பின்னாலேயே வருகிறாள் என்று அவனுக்கு ஒரே வெட்கம், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் அந்த அறையில் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் அதே அறைக்குள் போய் என் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னைவிடப் புத்திசாலி எந்த ஸ்டோரிலும் இருக்கமாட்டாள்.

இந்த முறை பதினாறு பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதினேன், டீசல் உள்ளே போனதையும் எழுதினேன். எங்கள் மேனேஜருக்கு முதுகுக்குப் பின்னால் பரவாயில்லை என்று பெயர், எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார், இதற்கு மட்டும் சொல்லவில்லை. ஏம்மா, ஒரு வரிதானே, போன தடவை எழுதினதையே எழுதுங்களேன், இத்தனை நாள் என்ன ஆயிடுச்சு என்றார். பதினாறு பேர எங்க சார் ஒளிச்சு வைக்கிறது, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற கதையால்ல இருக்கு என்றேன். அப்படியானால் வேறு பொறுப்பாளரைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். அவர் ஆளைத் தேடுவதற்குள் நான் தாளை விலக்குக் கொடுக்கிற அரசு அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பார்க்க வந்த ஆய்வாளர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். தொட்டிக்கும் அந்த ஒட்டும் மெஷினுக்கும் நடுவில் டேப் பிடித்து அளந்தாள், நாலரை மீட்டர். பழைய தாளைக் காட்டி இது யாரோட கையெழுத்து என்றாள். என்னுது என்றேன். அப்போ இங்க ஆள் இருந்தாங்களா என்றாள். இருந்தாங்க என்றேன். எழுதிக்கொண்டாள். விலக்கு ரத்தாகிவிட்டது, தொட்டிக்குச் சீல் வைத்தாகிவிட்டது, வேறு இடத்தில் தொட்டி கட்டும்வரை பதினாறு பேரும் வீட்டில். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்மேல் விசாரணை, வரும் திங்கட்கிழமை. தெருவில் பேக்கிங் பெண்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி மட்டும் நேராக வந்து, உங்க மனசு சுத்தமாயிடுச்சு, எங்க அடுப்பு அணைஞ்சிடுச்சு என்றாள். அதற்குப் பதிலை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, டீசல் கொட்டின பதற்றத்துல தப்பா எழுதிட்டேன், பேக்கிங் அங்க ஒரு மாசமாத்தான் நடக்குதுன்னு உங்க அம்மாவ எழுதித் தரச் சொல்லு, விலக்கத் திரும்ப வாங்கி எல்லாரையும் கூப்பிட்டுக்கலாம், அவங்க மேலயும் ஒண்ணும் வராது என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவன் உன்னிடம் சொன்னான். சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்துட்ட என்று என்னிடம் ஒரே சத்தம். கடிதத்தை அவனே டைப் அடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நான்கு நாளாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சாப்பிட உட்கார்ந்தவனிடம் நான் பழைய தாளின் நகலைக் கொடுத்தேன். திட்டினாலும் முழுவதும் தெரிந்து திட்டட்டும் என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தான். அன்னிக்கு நான் உள்ளதான இருந்தேன் என்று கேட்டான். ஆமா என்றேன். உனக்குத் தெரியும்ல என்றான். தெரியும், படிக்காம போட்டுட்டேன் என்றேன். படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டியா என்று கேட்டான். உடனே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவனுக்கு அந்த வேலை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், மேனேஜர் முகம் கோணும்படி எதையும் செய்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியலடா என்றேன். அவன் டைப் அடித்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதன்பிறகு கையெழுத்துக் கேட்கவில்லை. இன்னும் பேசவும் இல்லை.

ஆகவே நீ கேட்ட கடிதத்தை நான் கொடுக்கப்போவதில்லை. எனக்காக அவனிடம் பரிந்து பேசவும் வேண்டாம். வேலை போன கோபமாக இருந்தால் நீ பேசித் தீர்த்துவிடலாம். இது அது இல்லை, என்னிடம்தான் தீரவேண்டும், எத்தனை நாளானாலும் ஆகட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று முன்பு சொன்னாய். அங்கே ஒருமுறை இறங்கிப்போய் உன் கண்ணால் பார்த்துவிட்டு வா, குட்டியை அங்கே விளையாட விடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நிறைவாக இருக்கவேண்டும். திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று நீ அங்கே தூங்காமல் கிடக்காதே. அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன், என் பிள்ளை கேட்டதைவிடப் பெரிதாக அவர்களால் ஒன்றும் கேட்டுவிட முடியாது.

எப்போதும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா