அம்மனுக்கு எதற்குப் பாடு

தை 11, திங்கள்

வாடைக்காற்று. கண்ணெல்லாம் மணல். ஞாயிறு உரைக்குத் தொடக்கம் எழுத வேண்டும்.

"அவையில் அமர்ந்திருக்கும் அன்னையரே, ஐயன்மீரே. உங்கள் முன் ஒரு வழக்கோடு நிற்கிறேன். பண்டை உலகம் அன்புக்கும் இரக்கத்துக்கும் பெண்ணுருக் கொடுத்தது. சுமேரியர் இனான்னா என்றனர். எகிப்தியர் ஐசிசு என்றனர். கடல் நுரையில் பிறந்தவள் என்று அப்ரோடைட்டியைக் கிரேக்கர் வணங்கினர். கல்லில் இடம் கொடுத்தவர்கள், ஊர் அவையில் பெண்ணுக்கு இடம் கொடுத்தார்களா?"

நன்று. "வழக்கோடு" வேண்டுமா, "குறையோடு" போதுமா? பிறகு பார்க்க.

வாங்க: மை, இருமல் மருந்து, அண்ணிக்கு மூட்டுத் தைலம்.

ஓர் ஐயம். பொன்னேரி வாசகர் மன்றம் இதுவரை என்னை அழைத்ததில்லை. இப்போது தலைப்பும் தந்து மகிழுந்தும் அனுப்புகிறார்கள். அதுவும் ஞாயிறு மாலை. அதே மாலைதான் இங்கே கோட்டைக்குப்பத்தில் பாடு பிரிக்கும் கூட்டம். ஏரியில் எந்த நாள் எந்த வீட்டு வலை இறங்கலாம் என்று குடத்தில் சீட்டுப் போட்டு முறை வகுப்பார்கள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போனபின் வரும் முதல் கூட்டம். அண்ணனின் பாடு மற்றவர்க்குப் போகாமல் அண்ணிக்கே நிற்க வேண்டும். அவள் தம்பி அவளுக்காகக் கம்பு நட்டு வலை கட்டுவான். இதை எடுத்துரைக்க என்னை விட்டால் யார்? என்னை அன்று ஊரில் இல்லாமல் செய்வது யாருக்கு நன்மை?

ஊர்த்தலைவருக்கு. (இனி ஊ.த.)

தை 12, செவ்வாய்

காற்று தணிந்தது. இருமல் தணியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வலை தைக்கும் இருவர். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"அரசி அக்கா ஞாயித்துக்கெயம பொன்னேரி போவுதாம்."

"நல்லதா போச்சி. அது மைக்க புடிச்சா நாம வூட்டுக்குப் போயி சோறு துன்ன முடியாது."

இவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியைத் தவிர.

ஊ.த. வேலைதான். வேறு யார்.

தை 13, புதன்

ஊ.த. வீடு. கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தள்ளி வைக்கக் கேட்டேன்.

"இன்னாம்மா, மேடையில பேசறா மாதிரியே பேசற. தள்ளி வெக்கிறதுக்கு இது கல்யாணமா? நீ வர வரைக்கும் எறா ஏரியிலயே நிக்குமா?"

"அண்ணன் பாடு என்ன ஆகும், மாமா?"

குரலைத் தாழ்த்தினார். கயிற்றை வைத்துவிட்டுக் கை குவித்தார். "உங்க அண்ணி பொம்பளையே இல்லம்மா. அம்மன். உங்க அண்ணனைத் தேடப்போனப்ப படகு முன்னாடி நின்னுச்சி பாரு. மாரியாத்தா நின்னா மாதிரி. என் கண்ணால பாத்தேன்."

"நான் பாடு கேட்டேன்."

"அம்மனுக்கு எதுக்கும்மா பாடு? ஊரே கும்புடுது. மீனு வேணும்னா வூட்டுக்குக் குடுத்தனுப்பறோம்."

பொன்னேரி அழைப்புப் பற்றி ஒரு சொல் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்?" நடிப்பு. கண் கயிற்றிலேயே இருந்தது.

வழியெல்லாம் இதே எண்ணம். மாந்தர்க்குப் பங்கு தரவேண்டும். தெய்வத்துக்குப் படையல் போதும், அதுவும் மனம் வந்தால். இந்தக் கும்பிடுகளை இனி நம்பப்போவதில்லை. நாணற்படகில் கணவன் உடலைத் தேடி அலைந்த ஐசிசை எகிப்தியர் எத்தனை நூற்றாண்டு கும்பிட்டனர். எதற்காகக் கும்பிட்டனர் என்று யார் கேட்டார்?

உரையின் நடுவே அண்ணியை ஐசிசாக நிறுத்துவேன். அவை கலங்கும். உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

தை 15, வெள்ளி

மூடுபனி. மன்றச் செயலாளரிடம் கைப்பேசியில் பேசினேன். யார் சொல்லி என்னை அழைத்தீர்கள்?

"உங்களுக்குத் தெரியாதாம்மா? உங்க அண்ணிதான். எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வர்றவங்களாச்சே. ஞாயித்துக்கிழமைதான் வைக்கணும்னு ஒரே பிடியா நின்னாங்க."

அண்ணியா?

ஊ.த. மனைவியும் அண்ணியும் நேற்றுக் குழாயடியில். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. முந்தாநாள் குழம்பில் வஞ்சிரம். யார் தந்தது? நான் கேட்கவில்லை, தின்றேன்.

விலை போய்விட்டாளா?

மாலையில் கேட்டேன். வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்." தலை நிமிரவில்லை.

"அப்போ பாடு வேண்டாமா அண்ணி?"

"வேணும். அதுக்குத்தான். நீ இருந்தா நீதான் பேசுவ. அல்லாரும் உன் வாயையே பாப்பாங்க. நல்லா பேசுச்சிப்பான்னுட்டு எழுந்து போயிடுவாங்க."

"உனக்காகத்தானே பேசறேன்."

"தலைவரு என்னை அம்மன்றாரு. நீ எகிப்துல எவளோன்ற. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதா? ரெண்டு பேரும் சேந்து என்னை செல பண்ணி வெச்சிட்டீங்க." நண்டு ஒன்று விரலைக் கவ்வியது. உதறினாள். "படகு முன்னாடி ஏன் நின்னேன் தெரியுமா? உக்காந்தா வாந்தி வந்துச்சி. அதான் நின்னேன். மாரியாத்தாவாம்."

நானும் உட்கார்ந்து நண்டு பிரித்தேன்.

தைலம் வாங்க மறந்தேன்.

தை 17, ஞாயிறு

மேகம். மழை இல்லை. மகிழுந்து வந்தது. உரைத் தாள்களை ஓட்டுநரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். யாரேனும் படிக்கட்டும். கூட்டத்தில் வாய் திறப்பதில்லை என்று அண்ணிக்கு உறுதி கூறினேன். நம்பவில்லை. "வாய் நெறைய வெத்தலை போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

வலை உலர்த்தும் மணலில் கூட்டம். பெண்கள் ஓரத்தில். அண்ணியோடு நிற்போம் என்று குழாயடியில் அவளிடம் சொன்னார்களாம்; அந்தப் பெண்கள் தரையைப் பார்த்தபடி. ஒருத்தியையும் நம்பவில்லை.

ஊ.த. தொடங்கினார்: "நம்ம ஊரு அம்மன் மாதிரி இருக்கிற..."

அண்ணி எழுந்தாள். நடுவே நடந்தாள். பெண்கள் அங்கே போவதில்லை.

"அம்மன்னு சொல்லாதீங்க மாமா. எனக்குப் பேரு கீது. கோவிந்தம்மா. மீனும் குடுத்தனுப்ப வேணாம். எங்க வூட்டுச் சீட்டைக் குடத்துல போடுங்க. என் தம்பி வலை கட்டுவான்."

"உன் தம்பி லைட்ஹவுஸ் குப்பத்து ஆளு. வேத்தூரான் நம்ம ஏரியில எப்படிக் கட்டுவான்?" பின்வரிசையில் ஒருவன்.

"அவன் கட்டக்கூடாதுன்னா நான் கட்றேன். நீ வந்து கம்பு நட்டுக் குடு."

சிலர் சிரித்தனர். அவனைப் பார்த்து. அண்ணியைப் பார்த்து அல்ல.

அவள் பேச்சில் அணி இல்லை, அடுக்கு இல்லை. ஊ.த. குடத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார், ஊரைக் கலந்து சொல்கிறேன் என்றார். குழாயடியில் பேசிய அவர் மனைவிதான் முதலில் எழுந்து வந்து அண்ணி பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னும் இருவர்.

அண்ணி குனிந்து குடத்தின் வாய்மேல் கை வைத்தாள்.

"ஊரு இங்கதான் குந்திகினு கீது. இப்பவே கேளுங்க. சீட்டை இப்பவே போடுங்க, மாமா. நான் பாக்கணும்."