ஐம்பத்தெட்டு நாள் வருஷம்

18 பிப்ரவரி 2025, செவ்வாய்

காலையில் மட்டும் இருபத்தாறு ஈசிஜி. மதியம் எலுமிச்சை சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் நட்சத்திரம் பார்த்தேன். விண்ணில் இருக்கும் தொலைநோக்கி ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் மாதக்கணக்கில் அளந்து கோடாக வரைந்து தருகிறது. எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் வேலை அந்தக் கோட்டில் பள்ளம் தேடுவது. பள்ளம் விழுந்தால் குறுக்கே ஏதோ போயிருக்கிறது. ஒருவேளை கிரகம். பதினைந்து வருஷமாக ஆஸ்பத்திரியில் இதயக் கோடு பார்க்கிறவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

இன்று கிடைத்தது. சனவரி ஒன்பதாம் தேதி, ஐந்து மணி நேரப் பள்ளம். பத்தாயிரத்தில் ஆறு பங்கு வெளிச்சம் குறைந்திருக்கிறது. சாதம் அப்படியே இருந்தது.

19 பிப்ரவரி

எங்கள் குழுவை நடத்தும் ரஃபாயேலுக்கு அனுப்பினேன். இங்கே உப்பளம் பகுதிப் பையன், பிரான்சில் வானியல் ஆராய்ச்சி செய்கிறான். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, சின்ன சிவப்பு நட்சத்திரம் இது. பள்ளத்தோட நீளத்த பாத்தா அம்பது அறுபது நாளைக்கு ஒருதரம் சுத்துது போல. அந்த தூரத்துல தண்ணி தண்ணியாவே நிக்கலாம். ஆனா ஒரு பள்ளம் போதாது, ரெண்டாவதும் வரணும். மார்ச் மாச அளவு வந்ததும் நீங்களே பாத்து ரிப்போர்ட் போடுங்க."

என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் ஒர்க்‌ஷாப் கிரீஸைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "முத்தியால்பேட்டை கொழாயில நல்ல தண்ணி வருதான்னு மொதல்ல பாரு ஹேமா. அப்புறம் அங்க இருக்கான்னு பாக்கலாம்."

அந்த வாய்க்கு எந்தக் கடையிலும் பூட்டு இல்லை.

12 மார்ச், மாசி மகம்

வைத்திக்குப்பம் கடலில் ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரி. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நான் வேண்டிக்கொண்டது ஒரு பள்ளம். சாமி குழம்பிப் போயிருக்கும்.

17 ஏப்ரல்

அளவுகள் வந்துவிட்டன. நட்சத்திரமே மெல்ல மெல்ல மங்கும், பிரகாசிக்கும். அதனால் கோடு வளைந்து வளைந்து வரும். அந்த வளைவையெல்லாம் நீக்கும் ஃபில்டரைப் போட்டுச் சுத்தம் செய்தேன். மூன்று முறை பார்த்தேன். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது கோடு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். கண்டுபிடித்தவரே இரண்டாவது பள்ளத்தைத் தேட வேண்டும். ஆசை அவருக்குத்தானே அதிகம். அவரே இல்லை என்று எழுதிவிட்டால் வேறு யாரும் பார்ப்பதில்லை, நட்சத்திரத்தை மூடிவிடுவார்கள்.

'இல்லை' என்று எழுதினேன்.

18 ஏப்ரல்

மூடிட்டாங்க. எனக்கு எதுக்கு இப்படி அழுகை வருது? எழவு வீடா இது?

29 ஏப்ரல், செவ்வாய்

தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

காலையில் காலாப்பட்டிலிருந்து கன்னியப்பன் என்று ஒரு மீனவர். நெஞ்சுவலி. மூச்சு இரைத்ததில் கோடு மேலும் கீழும் அலைந்தது. எப்போதும்போல மெஷினில் ஃபில்டரைப் போட்டு, அழகான ஸ்ட்ரிப்பாக எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் பொலெத் ஸ்ட்ரிப்பைப் பார்த்தார், கன்னியப்பன் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஃபில்டர் போட்டியா?"

"ஆமா டாக்டர். கோடு அலையுது..."

"கோடு நேரா வரணும்னு அந்த மனுஷனோட வலியவே தொடச்சிட்டியேம்மா! ஃபில்டர எடுத்துட்டு மறுபடி எடு."

ஃபில்டர் இல்லாமல் எடுத்தேன். கோணல்மாணலாக வந்தது. அதற்குள்ளே தெளிவாக ஒரு தாழ்வு, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். பத்து நிமிஷத்தில் அவரை மேலே ஐசியூவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து வருஷ அனுபவமாம்! வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அஜந்தா சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தினபோதுதான் உறைத்தது. நான் நட்சத்திரத்துக்குப் போட்ட ஃபில்டர் ஆறு மணி நேர அளவு; அந்த நேரத்தை ஒட்டி ஏறி இறங்குவதையெல்லாம் வளைவென்று வழித்துவிடும். பள்ளமோ ஐந்து மணி நேரம். வளைவோடு சேர்த்து அதையும் தின்றிருக்காதா?

பச்சை விழுந்தும் நின்றேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, முதல் பள்ளத்தைப் பார்த்த மாதிரியே, சுத்தம் செய்யாத அளவைத் திறந்தேன். மார்ச் எட்டு. இருக்கிறது. இருக்கு! மாசி மகத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துட்டுப் போயிருக்கு. நான்தான் இல்லைன்னு எழுதி மூடியிருக்கேன்.

30 ஏப்ரல்

ரஃபாயேலிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அக்கா, மூடினத தொறக்கறது கஷ்டம். இருக்கணும்னு ஆசைப்பட்டு பாத்தா எல்லாருக்கும் பள்ளம் தெரியும்னு சொல்லுவாங்க. மூணாவது எப்போ வரும்னு முன்கூட்டியே எழுதிக் குடுங்க. சொன்ன நேரத்துக்கு வந்தா அப்ப பேசலாம். பொன் குராஜ்."

பிரெஞ்சில் தைரியமாக இரு என்று அர்த்தமாம். தைரியத்துக்கு என்ன குறைச்சல்? இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் ஐம்பத்தெட்டு நாள், நாலு மணி நேரம். கூட்டினேன். மே ஐந்து, பிற்பகல் மூன்று முதல் இரவு எட்டு வரை. எழுதி அனுப்பிவிட்டேன்.

5 மே

மூன்று மணிக்கு ஒரு பாட்டிக்கு ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபில்டர் இல்லாமல். கணக்குச் சரியென்றால் அந்த நேரத்தில் அது குறுக்கே நுழைந்திருக்கும். உண்மையில் அது நுழைந்து நூற்றுப் பத்து வருஷம் ஆகிறது; வெளிச்சம் இங்கே வந்துசேர அவ்வளவு காலம். அந்த வெளிச்சம் கிளம்பியபோது இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி.

12 சூன்

மே ஐந்து மதியத்திலிருந்து மறுநாள் விடியும்வரை கோடே இல்லை. சேர்த்துவைத்த அளவுகளை அனுப்புவதற்காகத் தொலைநோக்கி பூமியின் பக்கம் திரும்பிய நேரமாம். வருஷத்தில் எத்தனை நாள் இருக்கு, அன்னைக்குத்தான் திரும்பணுமா?

சமையல் செய்யவில்லை. தமிழ்மாறன் பரோட்டா வாங்கி வந்தார். கேலி எதுவும் இல்லை.

"அடுத்தது எப்போ?"

"சூலை ரெண்டு."

"அப்ப எழுதி அனுப்பு. எழுந்திரு."

13 சூன்

எழுதி அனுப்பினேன். சூலை 2, இரவு ஏழு முதல் பன்னிரண்டு வரை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டு வருஷத்தில் நான் அந்த ஃபில்டரைப் போட்டு 'இல்லை' என்று எழுதிய நட்சத்திரங்களை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் மறுபடி பார்க்கப் போகிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் செய்வதா?

2 சூலை

ஏழு மணிக்கு மின்வெட்டு. தமிழ்மாறனும் நானும் மொட்டை மாடியில் நின்றோம். அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அளவு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு நேராகச் சூலை இரண்டுக்குப் போனேன். ஏழு மணி ஆறு நிமிஷத்துக்கு இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஐந்து மணி நேரம். பத்தாயிரத்தில் ஆறு.

போனில் ரஃபாயேல் கத்தினதில் பக்கத்து மேசை நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நட்சத்திரத்தைத் திறந்துவிட்டார்களாம். இனி பெரிய தொலைநோக்கிகள் பார்க்க வேண்டும். கிரகம் என்று உறுதியாக வருஷங்கள் ஆகலாம், தண்ணீர் இருக்கிறதா என்பது அதற்கும் பிறகு. ஆகட்டும்.

"அக்கா, உங்க பழைய 'இல்லை' ரிப்போர்ட்ட எடுத்துடவா? பாக்க நல்லா இல்ல."

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும். புதுச அதுக்குக் கீழ போடு."

நாலு மணிக்குக் கன்னியப்பன் செக்கப்புக்கு வந்தார். ஆள் தேறியிருக்கிறார். "கோடு நேரா வந்துச்சாம்மா?" என்று எட்டிப் பார்த்தார். "நேரா இல்லண்ணே. உங்களுக்கு எப்படி இருக்கோ அப்படியே வந்திருக்கு" என்றேன். திருப்தியாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது தமிழ்மாறன் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தார்.

"அங்க அம்பத்தெட்டு நாளுதானே ஒரு வருஷம்? உனக்கு நாப்பத்தொண்ணு. அங்க எரநூத்தி அம்பத்தேழு ஆவுது." நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். "அந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்க."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இருநூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தொன்பதாவது நட்சத்திரத்தைத் திறந்தேன்.