மிளகா நாத்துக்குத் தண்ணி காட்டுன லட்சணம்

ஏங்க, மிளகா நாத்துக்குத் தண்ணி காட்டுங்கன்னா, முக்கி எடுங்கன்னா அர்த்தம்?

எனக்கு டபுள் ஷிஃப்ட், அதனாலதான் ஜன்னலோரத்துல வளர்ற நாத்தை உங்க தலையில கட்டுனேன். இன்னைக்கு வந்து பார்த்தா தட்டுல தண்ணி குளம் கட்டி நிக்குது. பாதி நாத்து அடித்தண்டு நூலா மெலிஞ்சு சாஞ்சு கிடக்கு. போன்ல கேட்டா, "வாடியிருந்துச்சுடி, பாவம்னு இன்னொரு சொம்பு ஊத்துனேன்"ங்கறீங்க. அது தாகத்துல வாடலங்க, வேர் மூச்சு முட்டி வாடுச்சு! மூச்சு முட்டுறவன் வாயில மறுபடியும் தண்ணிய ஊத்துவாங்களா? "செடிக்குப் போய் இவ்வளவு சத்தமா"ன்னு போனை வேற வச்சிட்டீங்க.

நீங்க வர்றப்போ நான் வீட்டுல இல்ல. நான் வர்றப்போ நீங்க செருப்பு மாட்டிட்டு இருப்பீங்க. இந்த வீட்டுல நான் வாயத் திறந்து பேசுறது அந்த நாத்துங்ககூட மட்டும்தான். சத்தம் போடாம என்ன செய்வேன்?

சாஞ்சதைப் பிடுங்கிட்டேன். மிச்சமாவது பிழைக்கணும். மண்ணுல விரல வச்சுப் பாருங்க, மேல காயற வரைக்கும் ஒரு சொட்டு கூட ஊத்தக்கூடாது. சின்ன ஃபேனை அதுங்க பக்கம் திருப்பி மெதுவா ஓட விடுங்க, காத்து பட்டாத்தான் அழுகாது.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாவிய உள்பக்கம் பூட்டுலயே விட்டுட்டுத் தூங்கிடாதீங்க, ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சு வந்தா நான் வாசல்ல நிக்கணும்.

சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சு. வேணும்னு போடல.

காலையில வந்து இதே சீட்டுல எழுதுறேன்: சாயாம இருந்தது எல்லாம் நிக்குது. நான் வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க.